வீதியில் ஒரு கரகரப்ரியா

'நீங்கள் நேரில் கேட்டதில் மறக்கவே முடியாத கச்சேரி எது?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சுலபமான கேள்வி மாதிரி தெரிகிறது. இல்லை. கச்சேரி என்றால் என்ன என்று முதலில் டெஃபனிஷன் வேண்டும். டிக்கெட், மேடை, மைக், பின்னால் சபா பேனர், இடைவேளையில் காபி, போண்டா எல்லாம் இருந்தால்தான் கச்சேரி என்று நீங்கள் சொன்னால் என் பதில் செல்லாது. நான் சொல்லப்போவதில் இவை எதுவும் கிடையாது. நாற்காலிகூடக் கிடையாது. கேட்டவர்களில் பாதிப்பேர் தெருவில் வெறுங்காலோடு நின்றார்கள். மீதிப்பேர் திண்ணையில்.

அதற்காக திருச்சியில் முறையான கச்சேரிகளுக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். ரசிக ரஞ்சன சபா 1914-லேயே ஆரம்பமானது. எஃப்.ஜி.நடேசய்யர் அங்கே போட்ட நாடகத்தில் சிறுவனாக நடித்துத்தான் எம்.கே.தியாகராஜ பாகவதர் வெளிச்சத்துக்கு வந்தார். திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதத்தில் துவங்கியது. காவிரிக்கரை வித்வான்களுக்கெல்லாம் அது இரண்டாவது வீடு. பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வந்தால் கோயிலே ஒரு பெரிய சங்கீதசபா. மார்கழியில் அரையர்கள் தாளத்தைத் தட்டிக்கொண்டு பாசுரம் சேவிப்பார்கள். இராப்பத்து சமயத்தில் நம்பெருமாள் ராத்திரி உள்ளே திரும்பும்போது வீணை ஏகாந்தம் உண்டு. பெருமாளைத் தூங்கப் பண்ணுவதற்கு வீணை. உலகத்தில் இத்தனை நாகரிகமான தாலாட்டு வேறு எங்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான் தேர்ந்தெடுப்பது ஒரு ஜானவாசத்தை.

இந்தத் தலைமுறைக்கு ஜானவாசம் என்றால் என்ன என்று சொல்லவேண்டியிருக்கும். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டு, சூட்டு மாட்டி, திறந்த காரில் உட்காரவைத்து, ஊர்வலமாக அழைத்து வருவார்கள். காருக்குப் பூ அலங்காரம். இரண்டு பக்கமும் தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு தூக்கியவர்கள். காருக்குள் உறவுக்காரக் குழந்தைகள் அத்தனையும். முன்னால் நாகஸ்வர கோஷ்டி. நோக்கம், மாப்பிள்ளையை ஊர் பார்க்க வேண்டும். ஏதாவது வில்லங்கம் இருந்தால் யாராவது அப்போதே சொல்லிவிடலாம். ஒருவகையில் பப்ளிக் நோட்டீஸ்.

எழுபதுகளின் ஆரம்பம். ஸ்ரீரங்கத்தில் அப்போது ராஜகோபுரம் கிடையாது. நூற்றாண்டுகளாகப் பாதியில் நின்றுபோன மொட்டைக் கோபுரம்தான். பதிமூன்று நிலையும் கட்டி முடித்து கும்பாபிஷேகம் ஆனது 1987-ல். எங்கள் வீடு உத்தர வீதியில். நீளமான ஓட்டு வீடு. வாசலில் திண்ணை, பின் ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ரயில்பெட்டி மாதிரி போகும். எதிர்வரிசையில் வசதியான குடும்பம் ஒன்றில் கல்யாணம். பெண்ணின் அப்பா சங்கீதப் பித்து. சாப்பாட்டுச் செலவைக் குறைத்தாலும் குறைப்பேன், மேளத்தில் குறைக்கமாட்டேன் என்று ஷேக் சின்ன மௌலானாவை ஏற்பாடு செய்துவிட்டார். ஊரெல்லாம் இதே பேச்சு.

மௌலானா வெளியூர்க்காரரும் இல்லை, உள்ளூர்க்காரரும் இல்லை. ஆந்திராவில் கரவதி என்ற ஊரில் 1924-ல் பிறந்தவர். குண்டூர், பிரகாசம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் வாசிக்கும் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு குடும்பம். அப்பாவிடமும் சிலகலூரிப்பேட்டை ஆதம் சாயபுவிடமும் கற்றார். அங்கேயே பேர் வாங்கிவிட்ட பின்னும் தஞ்சாவூர் பாணி அவரை இழுத்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோயிலுக்கு வந்து ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மறுபடி மாணவராக உட்கார்ந்தார். அறுபதுகளில் குடும்பத்தோடு ஸ்ரீரங்கத்துக்கே குடிவந்துவிட்டார். வடக்கே காசியில் பிஸ்மில்லா கானும் ஷெனாயும் எப்படியோ, தெற்கே ஸ்ரீரங்கத்தில் மௌலானாவும் நாகஸ்வரமும் அப்படி.

கொஞ்சம் நாகஸ்வரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விஷயம் புரிவதற்கு அது அவசியம்.

கர்நாடக சங்கீத வாத்தியங்களில் மைக்கே வேண்டாத ஒன்று உண்டென்றால் இதுதான். உடல் ஆச்சா மரத்தில் கடைவது. நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் பழைய வீடுகளில் பல வருஷம் காய்ந்த மரத்தைத் தேடி வாங்குவார்கள். (அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.) கீழே விரிகிற பகுதி அணசு. மேலே கெண்டை, அதில் பொருத்துகிற சீவாளி. சீவாளி என்பது காவிரிப் பாசனத்தில் வளரும் நாணல் வகைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்வது. திருவாவடுதுறை அதற்குப் பேர்போன இடம். உதட்டுக்குள் அடங்குகிற அந்தச் சின்னப் பொருள் சரியில்லையென்றால் சக்கரவர்த்தியும் சாதாரணன். அதனால்தான் நாலைந்து உபரி சீவாளிகள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்.

மொத்தம் பன்னிரண்டு துளை. விரலால் வாசிப்பதற்கு ஏழுதான். மற்ற ஐந்தும் ஸ்ருதியைச் சரிபண்ண. ஏழு துளையை வைத்துக்கொண்டு இத்தனை கமகமும் எங்கிருந்து வருகிறது? மூச்சிலிருந்தும் உதட்டிலிருந்தும். காற்றின் அழுத்தத்தை நூலிழை அளவுக்கு மாற்றினால் ஸ்வரம் ஏறும், இறங்கும். அதாவது, விரல் வேலை பாதி. மீதி, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு மணி நேரம் வாசிப்பது ஒரு மணி நேரம் மாடிப்படி ஏறுவதுபோல. பக்கத்தில் தவில். பலாமரம், தோல். வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் பூவரசங்கழி. இந்தக் கூட்டணியைத் திறந்தவெளிக்காகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏசி ஹாலில் வைத்தால் புலியைக் குளியலறையில் கட்டினமாதிரி.

வாத்தியம் மட்டுமில்லை, வாசித்தவர்களும் ரொம்ப நாள் வெளியேதான் நின்றார்கள். பெரிய மனிதர்கள் முன்னால் சட்டையில்லாமல், நின்றுகொண்டு வாசிக்கவேண்டும் என்று ஒரு காலத்தில் இருந்தது. மாட்டேன் என்று சொல்லி கிராப்பு வைத்து, சட்டை போட்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்தவர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. உச்சஸ்தாயி திமிரி நாகஸ்வரத்திலிருந்து நீளமான, கீழ்ஸ்ருதி பாரி நாகஸ்வரத்துக்குத் தொழிலையே திருப்பிவிட்டவரும் அவர்தான். 1956-ல் காலமானார். அவருக்கு சங்கீத கலாநிதி கிடைக்கவில்லை என்பதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறவர்கள் உண்டு.

இப்போது என் பாட்டி.

பாட்டிக்கு அப்போது அறுபத்தைந்துக்குமேல். சின்ன வயதில் வீணை கற்றுக்கொண்டவள். கல்யாணமாகி, என் அப்பா பிறந்து, அவருக்கு மூன்று வயது ஆகும்போது தாத்தா போய்விட்டார். அன்றோடு வீணை பரணுக்குப் போய்விட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. அந்தக் காலத்தில் சில விஷயங்களுக்கு உத்தரவு தேவைப்படவில்லை. நார்மடிப் புடவையில், அடுக்களைக்கும் கோயிலுக்கும் இடையில் நாற்பது வருஷம். சபாவுக்குப் போனதில்லை. வீட்டில் ரேடியோ வந்தபிறகு திருச்சி நிலையத்தின் காலைக் கச்சேரியை அடுக்களையிலிருந்து கேட்பாள். அப்பா ராகம் தெரியாமல் முழித்தால் உள்ளேயிருந்து, "பைரவிடா" என்று ஒரு குரல் மட்டும் வரும்.

கல்யாண ஊர்வலம் என்றால் அவளுக்கு இன்னும் கண்டிப்பு. எதிரே வரக்கூடாது. சகுனம். தெருவில் ஜானவாசம் வருகிறதென்றால் ரேழிக் கதவை லேசாகச் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்துகொள்வாள். இதெல்லாம் எனக்கு அந்த வயதில் விசித்திரமாகத் தோன்றவில்லை என்பதுதான் இப்போது விசித்திரமாக இருக்கிறது.

அன்றைக்கு எட்டு மணிக்குமேல் ஊர்வலம் கிளம்பியது. நாங்கள் பையன்கள் முன்னும் பின்னும் ஓடி நியூஸ் ஏஜென்ஸி மாதிரி செய்தி கொண்டுவந்தோம்.

"எங்கடா வந்திருக்கு?"

"தெக்கு வீதி முனையில நிக்கறது பாட்டி. நகரவே மாட்டேங்கறது. ஒரே கூட்டம்."

"நகராது. நல்ல வித்வான்னா முனைக்கு முனை நின்னுதான் வாசிப்பா."

அப்படித்தான் நடந்தது. வீதி முனையில் ஒரு ராகம், நாலு வீடு தள்ளி ஒரு கீர்த்தனை. மாப்பிள்ளை என்று ஒருவர் காரில் உட்கார்ந்திருப்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்து கோஷ்டி நின்றது. எதிரே பெண் வீடு என்பதால் அதுதான் கடைசி நிறுத்தம். ஆற அமர வாசிக்கவேண்டிய இடம்.

தவில் ஓய்ந்தது. ஒத்து மட்டும் தனியாக 'ம்ம்ம்' என்று நின்றது. பிறகு அவர் கீழ் ஷட்ஜத்தில் மெல்ல ஆரம்பித்தார்.

கரகரப்ரியா. எனக்கு அப்போது பேர் தெரியாது. தெரிந்ததெல்லாம் தெருவில் சத்தம் அடங்கியதுதான். இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், நடுவில் நேரான வீதி. அது ஒரு நீளமான குழாய் மாதிரி வேலை செய்திருக்க வேண்டும். ஒலி மேலே போய்த் தொலையாமல் சுவர்களில் பட்டு அங்கேயே சுற்றியது. ரிஷபத்தில் நின்றார். அங்கேயே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு காந்தாரத்தைத் தொட்டார். தொட்டதும் கூட்டத்தில் யாரோ 'ஆ' என்றார்கள், கைசுட்டுக்கொண்ட மாதிரி. அவசரமே இல்லை. ஒவ்வொரு ஸ்வரமாகக் கதவைத் திறந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு அடுத்த கதவுக்குப் போவதுபோல. மூச்சு எங்கே எடுக்கிறார் என்று கண்டுபிடிக்க நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. பெட்ரோமாக்ஸ் தூக்கியவர், ஏதோ கோயிலில் நிற்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தலையில் அத்தனை பாரத்தோடு.

மேல் ஷட்ஜத்தைப் பிடித்து நிறுத்தினபோது நான் தற்செயலாகத் திரும்பினேன்.

பாட்டி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

ரேழிக் கதவு திறந்திருந்தது. ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் முழுசாக அவள் முகத்தில். இன்னொரு கையின் விரல்கள் புடவைத் தலைப்பின்மேல் நகர்ந்துகொண்டிருந்தன. தாளம் போடுகிறாள் என்று நினைத்தேன். ஆலாபனைக்குத் தாளம் ஏது? ரொம்ப வருஷம் கழித்து, வீணை வாசிக்கிற ஒருவரைப் பக்கத்தில் பார்த்தபோதுதான் எனக்கு அது என்ன என்று புரிந்தது. அவள் மெட்டில் விரல் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கவனித்துவிட்டார். காருக்கு நேர் எதிரே, நார்மடியில் ஒரு கிழவி. அவர் பதறிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "பாட்டி, நாழியாறது, நீங்க கொஞ்சம் உள்ள போயிடுங்கோளேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இந்தமாதிரி விஷயங்களை எப்போதுமே மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பாட்டி நாற்பது வருஷமாக ஒருவர் சொல்வதற்குமுன் உள்ளே போனவள்.

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ராகம் முடியட்டும்ப்பா. போறேன்" என்றாள்.

அவ்வளவுதான். கோபமில்லை, கெஞ்சலில்லை. அடுப்பில் பால் இருக்கிறது, இறக்கிவைத்துவிட்டு வருகிறேன் என்பதுபோல. அவர் ஒரு கணம் நின்றார். அந்த இடத்தில் ஒரு பெரிய பிருகா விழுந்தது. அவரும் தலையைத் திருப்பி அதைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். என்ன செய்ய, மனுஷர்தானே.

ராகம் முடிந்தது. தவில் புறப்பட்டது. பாட்டி சொன்னபடி உள்ளே போனாள்.

எத்தனை நேரம் வாசித்தார்? என் ஞாபகத்தில் ஒரு மணி நேரம். நிஜத்தில் இருபது நிமிஷம் இருந்திருக்கும். ஞாபகம் டேப்ரிக்கார்டர் அல்ல. எடுக்கும்போதெல்லாம் புதுசாக எழுதிக்கொள்கிறது என்று மூளை நிபுணர்கள் சொல்கிறார்கள். அன்றைக்கு யாரும் பதிவு செய்யவில்லை. செய்திருந்தால் போட்டுக்கேட்டு ஏமாந்திருப்பேனோ என்னவோ. இல்லாதது நல்லது.

மறுநாள் காலை பாட்டி அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "அவர் யாருடா?"

பெயரைச் சொன்னேன். பாட்டி மடி, ஆசாரம் எல்லாவற்றிலும் கறார். ஏதாவது சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். தண்ணீரை வடித்துவிட்டு, "நம்ம பெருமாளே கைலி கட்டிக்கறார், ரொட்டி சாப்பிடறார். எனக்கென்ன வந்தது?" என்றாள்.

ஸ்ரீரங்கம் தெரியாதவர்களுக்கு இது புரியாது. கோயிலுக்குள் துலுக்க நாச்சியார் சந்நிதி என்று ஒன்று இருக்கிறது. டில்லிக்குக் கொண்டுபோன பெருமாள் விக்கிரகத்தின்மேல் சுல்தானின் பெண் மனதைப் பறிகொடுத்து, அதைத் தேடி ஸ்ரீரங்கம் வரைக்கும் வந்தாள் என்று கதை. அங்கே சிலை கிடையாது, சித்திரம்தான். அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டி அமுது செய்வதும், கைலி சாத்தித் திருமஞ்சனம் செய்வதும் வழக்கம். சரித்திரக்காரர்கள் இந்தக் கதையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஒரு ஊர் தன் பெருமாளுக்குக் கைலி கட்டிப் பார்த்தது என்பது நிஜம். பாட்டிக்கு அந்த ஆதாரம் போதுமாக இருந்தது.

வீணை பரணிலிருந்து இறங்கியதா என்று கேட்பீர்கள். இல்லை. சினிமாவில்தான் இறங்கும். ஆனால் அதற்குப்பிறகு வீதியில் மேளச்சத்தம் கேட்டால் ரேழிக் கதவு சாத்தப்படவில்லை. அவள் திண்ணைக்கு வரவில்லை, நிலைப்படியோடு சரி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சகுனம் என்ன ஆயிற்று என்ற கவலை சிலருக்கு இருக்கலாம். அந்த மாப்பிள்ளை, பெண் இருவரும் சதாபிஷேகம் முடித்து சௌக்கியமாக இருக்கிறார்கள். மூன்று குழந்தைகள், பேரன் பேத்திகள். இதை ஒரு விஞ்ஞான ஆதாரமாக நான் முன்வைக்கவில்லை. ஸாம்பிள் சைஸ் போதாது.

மௌலானாவுக்கு 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1998-க்கான சங்கீத கலாநிதி பட்டத்தை மியூசிக் அகாடமி கொடுத்தது. சில மாதங்களில், 1999 ஏப்ரலில், ஸ்ரீரங்கத்திலேயே காலமானார். சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம் என்று ஒன்று நிறுவி மாணவர்களை உருவாக்கினார். பேரர்கள் காசிம், பாபு சேர்ந்து வாசிக்கிறார்கள். அவரிடம் கற்ற ஷேக் மெஹபூப் சுபானி, காலீஷாபி மெஹபூப் தம்பதிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். காலீஷாபி பெண் என்பதைக் கவனியுங்கள். கதவுகள் மெதுவாகத்தான் திறக்கின்றன. ஆனால் திறக்கின்றன.

அப்புறம் நான் எத்தனையோ கச்சேரி கேட்டாயிற்று. பெரிய பெரிய ஹால்கள், துல்லியமான மைக்குகள், முன்வரிசை டிக்கெட். மௌலானாவையே பிறகு மேடையில் கேட்டிருக்கிறேன். அப்பழுக்கில்லாத வாசிப்பு. இருந்தும் அந்தக் கரகரப்ரியாதான் மேலே நிற்கிறது. காரணம் சங்கீதம் மட்டுமில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நல்ல சங்கீதம் கேட்டு நாம் உருகுகிறோம், தலையாட்டுகிறோம், வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டுத் தூங்குகிறோம். ஒரு ராகம் ஒரு மனுஷியை இரண்டடி நகர்த்தியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ரேழியிலிருந்து நிலைப்படிக்கு இரண்டே அடி. அதற்கு நாற்பது வருஷம் பிடித்திருந்தது.

இப்போது ஜானவாசம் அநேகமாக இல்லை. கல்யாண மண்டபத்தில், ரிசப்ஷன் ஆர்க்கெஸ்ட்ராவின் ஸ்பீக்கர்களுக்கு நடுவில், நாகஸ்வரக்காரருக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். 'கெட்டிமேளம்' என்று விரலை ஆட்டும்போது மட்டும் எல்லோருக்கும் அவர் ஞாபகம் வருகிறது. மற்ற நேரமெல்லாம் அவர் பாட்டுக்கு ஒரு தோடியோ காம்போதியோ வாசித்துக்கொண்டிருக்கிறார், டிபன் என்ன என்ற பேச்சுக்குப் பின்னணியாக.

அடுத்த கல்யாணத்தில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் எதிரில் போட்டு, பத்து நிமிஷம் உட்காருங்கள். ராகம் தெரியவேண்டிய அவசியமில்லை. செல்போனை மட்டும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் கேட்கிறார் என்று அவருக்குத் தெரிந்த மறுகணம், அடுத்த சங்கதி வேறு மாதிரி விழும். அதற்கு டிக்கெட் கிடையாது.